தண்டல் கட்டுவது போல ஒரு பழக்கம்

திண்டுக்கல்லில் எனக்கு ஒரு தையல் கடை. பத்துக்குப் பன்னிரண்டு அடி. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேஜை, துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஒரு பேபி ஓவர்லாக், கூடமாட ஒரு பெண். அந்த ஓவர்லாக்கைத் தண்டல் வாங்கித்தான் போட்டேன். தண்டல் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாள். ஒரு அட்டையில் நூறு கட்டம் போட்டிருக்கும். தண்டல்காரர் சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியை அணைக்காமலே வாசலில் நிறுத்தி, "அக்கா" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. மிஷின் டிராயரைத் திறந்து நூறை நீட்டுவேன். அவர் ஒரு கட்டத்தில் கிறுக்கிவிட்டுப் போய்விடுவார்.

கையில் வந்த 8,500-க்கு நூறு நாளில் 1,500 வட்டி. கணக்குப் போட்டால் வயிறு எரியும். தண்டல் வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் நூறு நாளும் ஒரு நாள் தவறாமல் கட்டினேன். அதே நூறு நாளுக்குள் எலும்பு டாக்டர் ஒருவர் என் கழுத்து வலிக்கு எழுதிக்கொடுத்த பயிற்சியை நாலே நாள்தான் செய்தேன். எட்டுப் படம் போட்ட தாள், மொத்தம் இருபது நிமிஷம். ஐந்தாம் நாள் அந்தத் தாள் பிளவுஸ் அளவு எழுதிய நோட்டுக்குள் போனது, அதோடு சரி.

சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொள்ளலாம் என்றால், காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை மிஷினில் உட்காருகிறவளை எப்படி அப்படிச் சொல்வது? தண்டல் முடிந்து அட்டையைக் கிழிக்கப் போன அன்றைக்குத்தான் உறைத்தது. தவணை சின்னது, டிராயரில் எப்போதும் இருக்கிற நூறு. அதை வாங்க ஆள் வாசலுக்கே வருகிறார். கட்டினது கட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. டாக்டரின் தாளில் இந்த மூன்றும் இல்லை. சரி, எனக்கு நானே ஒரு தண்டல் போட்டுப் பார்ப்போம் என்று 2022 பொங்கல் கழிந்து ஆரம்பித்தேன். எப்படிச் செய்தேன், எங்கே சொதப்பினேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வேலைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் தவணையின் அளவு. இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். ஆரம்பிக்கிற அன்றைக்கு இருக்கிற வேகத்தில் அளவை முடிவு செய்கிறோம். "நாளையிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கிறேன்." அந்த ஒரு மணி நேரத்தை, காய்ச்சலில் படுத்திருக்கிற நாளிலும் விருந்தாளி வந்த நாளிலும் கொடுக்க முடியுமா? நான் வைத்திருக்கிற சோதனை இது: தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணி, இன்னும் ஆறு பிளவுஸுக்கு ஊக்கு கட்ட வேண்டும், வாசலில் ஆள் நிற்கிறது. அந்த நேரத்திலும் இதைச் செய்வேனா? இல்லை என்றால் பாதியாகக் குறை. அதிலும் இல்லை என்றால் இன்னும் பாதி. கேட்கிறவர்கள் சிரிக்கிற அளவுக்கு வந்த பிறகுதான் அது தவணை.

கழுத்துக்கு நான் வைத்த தவணை, எழுந்து நிற்பது. அவ்வளவுதான். எழுந்து, இரண்டு தோளையும் பின்னால் ஒரு சுற்று சுற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவது. முப்பது வினாடிகூட ஆகாது. எட்டுப் படப் பயிற்சியில் இது முதல் படத்தில் பாதி.

அடுத்தது, தண்டல்காரர் யார் என்பது. காலை ஆறு மணி, சாயங்காலம் ஐந்து மணி என்று கடிகாரத்தை வைக்காதீர்கள். போனில் அலாரம் வைத்தும் பார்த்தேன். அது அடிக்கும்போது இரண்டு கையும் துணியில் இருக்கும். மூக்கால் அணைக்காத குறைதான். மூன்றாம் நாள் அலாரம் அடிப்பதே காதில் விழவில்லை. நீங்கள் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் நாளில் நடந்தே தீருகிற ஒன்று இருக்கும். அதுதான் நல்ல தண்டல்காரர்.

எனக்கு அது பாபின், மிஷினுக்கு அடியில் நூல் சுற்றிப் போடுகிற சின்ன உருளை. தைக்கிறவர்களுக்குத் தெரியும், அடி நூல் தீர்ந்ததைச் சில நேரம் பார்க்காமல் ஒரு சாண் தைத்துவிடுவோம். மேல் நூல் மட்டும் போயிருக்கும், இழுத்தால் அப்படியே வரும். சபித்துக்கொண்டே பாபின் கேஸைக் கழற்றி மறுபடி நூல் சுற்ற வேண்டும். முக்கால் மணிக்கோ ஒன்றரை மணிக்கோ ஒருமுறை இது நடந்தே தீரும். கை எப்படியும் துணியை விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் எழுந்தேன். பாபின் தீர்ந்தால் எழு. இரண்டு வாரத்தில், பாபின் கேஸ் கழற்றும் 'டிக்' சத்தம் கேட்டாலே உடம்பு தானாக எழுந்தது. ஒரு நாள் பக்கத்து மிஷினில் அந்தப் பெண் பாபின் மாற்ற, நான் எழுந்து நின்றுவிட்டு எதற்கு எழுந்தோம் என்று விழித்தேன்.

தையல்காரர் அல்லாதவர்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு முதல் விசிலுக்காக நிற்கிற நேரம். பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்புகிற அந்த நாற்பது அடி. ராத்திரி கடை ஷட்டரை இறக்கிப் பூட்டைத் தொங்கவிடும் நிமிஷம். போனைச் சார்ஜில் போடுவது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அது தினமும் ஒரே இடத்தில் நடக்கிறதாக இருக்கட்டும். டீ குடிக்கும்போது என்று ஒரு பழக்கத்தைக் கட்டிவிட்டு நான் பட்டேன். டீயைச் சில நாள் கடையில் குடிப்பேன், சில நாள் பாட்டில் கடைக்காரர் வீட்டில், சில நாள் துணி எடுக்கப் போன இடத்தில். தண்டல்காரர் தினம் ஒரு ஊருக்குப் போனால் யாரிடம் கட்டுவது?

மூன்றாவது அட்டை. தினசரிக் காலண்டரின் பின் அட்டை கனமாக இருக்கும், வருஷம் முடிந்ததும் தூக்கிப் போடுவோம். அதைத் திருப்பி ஸ்கேலால் பத்துக்குப் பத்துக் கட்டம் போடுங்கள். செய்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. செயலி எல்லாம் இருக்கிறதாம், என் மகள் போனில் போட்டும் கொடுத்தாள். அதைத் திறக்கப் போனால் வாட்ஸப்பில் கஸ்டமர் அனுப்பிய பின்கழுத்து டிசைன் வந்து நிற்கும், அப்புறம் அரை மணி நேரம் போனது தெரியாது. அட்டை சுவரில் தொங்கட்டும். வருகிறவர்கள் "என்னக்கா இது, சீட்டா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், அதுவும் ஒரு வசூல்தான்.

நூறு கட்டம் எதற்கு என்றால் தண்டலில் அப்படி இருந்தது, அவ்வளவுதான் காரணம். அப்புறம் என் மகள் ஒரு விஷயம் சொன்னாள். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது 1960-ல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பியதாம். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று அவர் பார்த்ததை, மற்றவர்கள் எல்லாப் பழக்கத்துக்கும் பொருத்திவிட்டார்கள். பிறகு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து, சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, சாப்பாட்டுக்கு முன் ஓடுவது என்று தினம் ஒன்றைச் செய்யச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 2009-ல் வந்த அந்த ஆய்வில், யோசிக்காமல் செய்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனதாம். சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய மோசம் எதுவும் இல்லை என்றும் கண்டிருக்கிறார்கள். 66-ஐத் தாண்டி 34 கட்டம் கையிருப்பு இருக்கட்டும் என்று நூறையே வைத்துக்கொண்டேன்.

இனி ஆரி விஷயம், கொக்கி ஊசியால் துணியில் போடுகிற எம்பிராய்டரி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சாதா லைனிங் பிளவுஸுக்கு நான் வாங்குவது 350 ரூபாய். அதே பிளவுஸுக்குக் கழுத்திலும் கையிலும் ஆரி வேலை செய்தால் ஆயிரத்துக்கு மேல். கல்யாணப் பெண்கள் எல்லாரும் ஆரி கேட்டு வந்து, இல்லை என்றதும் அடுத்த தெருவுக்குப் போனார்கள். வகுப்புக்குப் போகக் கடையை மூட முடியாது. சரி, தினம் அரை மணி நேரம் நாமே பழகலாம் என்று ஃபிரேமும் ஊசியும் வாங்கினேன். ஆறு நாள் போனது. ஏழாம் நாள் ஃபிரேம் பரணுக்குப் போனது. அரை மணி நேரம் என்பது தையல்காரிக்கு ஒரு பாவாடைக்கு நாடாப் பட்டி அடிக்கிற நேரம். யார் கொடுப்பார்கள்?

கழுத்து அட்டை முடிந்த பிறகு, 2022 ஆடிப்பெருக்கு அன்றைக்கு, ஆகஸ்ட் 3-ஆம் தேதி, மறுபடி இறக்கினேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, கடையில் வேலை குறைவு. புதிதாக எதை ஆரம்பிப்பதானாலும் உங்கள் தொழிலின் ஆடி மாதம் எது என்று பார்த்து ஆரம்பியுங்கள். இந்தத் தடவை தவணை, ஒரு விரல் நீளம் சங்கிலித் தையல். நேரம் கணக்கில்லை. தண்டல்காரர், மத்தியானச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பது. கை சுத்தமாக இருக்கும், மிஷினுக்கு இன்னும் போயிருக்க மாட்டேன்.

ஃபிரேமைப் பரணிலிருந்து இறக்கி, கட்டிங் மேஜையின் ஓரத்தில், வெட்டுத் துணி ஒன்றை இழுத்துப் பூட்டி, நூலோடும் ஊசியோடும் வைத்தேன். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரு விரல் தையலுக்கு மூன்று நிமிஷம். ஃபிரேமை எடுத்து, துணி தேடி, முறுக்கிப் பூட்ட எட்டு நிமிஷம். மூன்று ரூபாய் கடனுக்கு எட்டு ரூபாய் பஸ் செலவு. நடக்கிறவர் செருப்பை வாசலிலேயே வைக்க வேண்டும், கணக்கு எழுதுகிறவர் நோட்டைக் கல்லாவுக்கு மேலே பேனாவோடு திறந்து வைக்க வேண்டும்.

ஆரி ஊசியின் நுனியில் சட்டென்று கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி இருக்கும். துணிக்கு மேலே வலது கை குத்தும். துணிக்கு அடியில், பார்க்க முடியாத இடத்தில், இடது கை நூலைப் பிடித்துக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். மேலே இழுக்கும்போது ஊசியைக் கொஞ்சம் திருப்பி, முதுகுப் பக்கம் லேசாக அழுத்திக்கொண்டே எடுக்காவிட்டால் கொக்கி துணியையே கவ்விக்கொள்ளும். முதல் வாரம் எனக்கு வந்தது பூராவும் ஓட்டை. இரண்டாம் வாரம் மூன்று கண்ணிக்கு ஒன்று நூல் நழுவியது. இருபத்தைந்து கட்டம் தாண்டியும் பெரிய மாற்றம் இல்லை. முப்பதுக்கு மேல் ஏதோ ஒரு நாள், வாசலில் போன ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டே தைத்திருக்கிறேன். குனிந்து பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒழுங்காகச் சங்கிலி. இடது கை எப்போது கற்றுக்கொண்டது என்று எனக்கே தெரியாது.

தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் ஒரு வருஷத்தில் 37 மடங்கு ஆவோம் என்று ஒரு கணக்கு வாட்ஸப்பில் சுற்றுகிறது. 1.01-ஐ 365 தடவை பெருக்கினால் 37.78 வருவது உண்மைதான், மகளின் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஆனால் கை என்ன, வங்கியில் போட்ட பணமா? ரொம்ப நாள் ஒன்றுமே ஆகாது. அப்புறம் ஒரு நாள் ஒரு படி ஏறும். மறுபடி நிற்கும். இது தெரியாமல் தினம் முன்னேற்றம் தேடினால் பதினைந்தாம் கட்டத்தில் மனசு விட்டுப்போகும். கட்டம் நிரம்பியதா என்று மட்டும் பாருங்கள். தையல் அழகாக வந்ததா என்பது அட்டையில் எழுதுகிற விஷயமே கிடையாது.

இன்னொன்று. கை ஓடுகிற நாளில் மூன்று விரல், நாலு விரல் போடத் தோன்றும். தாராளமாகப் போடுங்கள். ஆனால் அது நாளைக்கு முன்பணம் ஆகாது. நான் ஒரு நாள் ஒரு சாண் போட்டுவிட்டு, மூன்று நாளைக்குச் சேர்த்தாயிற்று என்று உட்கார்ந்தேன். நாலாம் நாள் ஊசி எடுக்க மனம் வரவில்லை.

அப்புறம் தீபாவளி வந்தது. அக்டோபர் 4-ஆம் தேதிவரை 63 கட்டம். அதற்கப்புறம் கடையில் துணி மலை மாதிரி. ஒரு விரல் நீளம் போட முடியாத நேரமா என்று கேட்டால் முடியும்தான். ஆனால் ஆர்டர் பிளவுஸ்களை ஃபிரேமின் மேலேயே அடுக்கிவிட்டோம், ஊசி எங்கே போனது என்றே தெரியவில்லை. 24-ஆம் தேதி தீபாவளி முடிந்து மறுநாள் எடுக்கலாம் என்றால் அன்றைக்குச் சூரிய கிரகணம். "கிரகணத்தன்னைக்கு ஊசியத் தொடாதடி" என்று அம்மா. மாசமாக இருக்கிறவர்களுக்குத்தானே அது என்று கேட்டேன். "எதுக்கு வம்பு" என்றார். ஆகமொத்தம் 21 நாள் விட்டுப்போனது. 21 நாளில் பழக்கம் வரும் என்பது செய்யாமல் இருப்பதற்கு மட்டும் சரியாகப் பொருந்துகிறது போல.

இங்கேதான் பெரிய தப்புச் செய்தேன். தண்டலில் ஒரு நாள் விட்டால் மறுநாள் இருநூறாகக் கேட்பார்கள். அதே புத்தியில், விட்ட 21 விரலையும் சேர்த்துக் கட்டிவிடுவோம் என்று கிரகணம் முடிந்த மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். ஐந்து விரலுக்கு மேல் முடியவில்லை. பாக்கி பதினாறு என்று தலையில் ஏறியது. ஃபிரேமைப் பார்த்தாலே கடன்காரன் நிற்கிற மாதிரி இருந்தது. மத்தியானம் தூக்குச்சட்டியைக் கவிழ்த்துவிட்டுத் தீர்மானித்தேன்: பழைய பாக்கி தள்ளுபடி. விட்ட நாளுக்குக் கட்டமே கிடையாது. இன்றைக்கு 64-ஆம் கட்டம், ஒரு விரல், ஒரு குறி. அட்டை முடியத் தாமதம் ஆகும், வேறு தண்டனை இல்லை. டிசம்பர் 1-ஆம் தேதி நூறாவது கட்டம் நிரம்பியது. தண்டல் முறையில் நான் மாற்றிய ஒரே சட்டம் இதுதான். இதை மாற்றாமல் விட்டிருந்தால் ஃபிரேம் இன்றைக்கும் பரணில் இருந்திருக்கும்.

அடுத்த தீபாவளிக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன். கையில் நூறு இல்லாத நாளில் தண்டல்காரர் ஐம்பதும் வாங்கிக்கொள்வார், வெறுங்கையோடு போவதில்லை. அதுபோல நெருக்கடி நாளில் ஐந்து கண்ணி போதும். பெருக்கல் குறிக்குப் பதிலாக ஒற்றைச் சாய்கோடு. 2023 தீபாவளி அட்டையில் பதினொரு சாய்கோடு இருக்கிறது, வெறும் நாள் இரண்டுதான்.

நூறு முடிந்த பிறகே தவணையை ஏற்றுங்கள். ஒரு விரலை ஒரு சாணாக்கினேன், அடுத்த அட்டையில் சங்கிலித் தையலோடு பாசி கோர்த்தல். எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்றும் இல்லை. பாபினுக்கு எழுவது இன்றைக்கும் அதே முப்பது வினாடிதான். கழுத்து வலி முழுசாகப் போகவில்லை, சீசனில் வரும். ஆனால் ராத்திரி தலையணையை மாற்றி மாற்றி வைத்துப் படுத்த காலம் போய்விட்டது.

ஒரே நேரத்தில் இரண்டு அட்டை வேண்டாம். ஒரு தண்டலைக் கட்ட இன்னொரு தண்டல் வாங்கியவர்களை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன், கடைசியில் கடையே போய்விடும். 2023-ல் ஆரி, தினக் கணக்கு, விடியற்காலை எழுவது என்று மூன்றை ஒன்றாகத் தொங்கவிட்டேன். விடியற்காலை எழுவது பன்னிரண்டாம் கட்டத்தில் நின்றது, கணக்கும் அதோடு சேர்ந்து படுத்தது. கணக்கைத் தனியாக மறுபடி ஆரம்பித்துத்தான் பிடித்தேன். வரவு, செலவு, யார் பாக்கி, நாளைக்கு எது டெலிவரி, ஆக நாலே வரி, ஷட்டர் இறக்குமுன். விடியற்காலை எழுவதை விட்டுவிட்டேன். ராத்திரி பதினொன்றரைக்குப் படுக்கிறவளுக்கு அது ஆகாது.

எதையாவது விட வேண்டும் என்றாலும் இதே வழிதான், தவணையாகக் குறைக்க வேண்டும். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன். தலை தட்டிய ஒன்றே முக்கால், அப்புறம் ஒன்றரை என்று தடவைக்குக் கால் ஸ்பூன் குறைத்துக்கொண்டே வந்தேன். அரை ஸ்பூனில் நிற்கிறது. அதற்குக் கீழே நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

கேட்கிற ஆள் ஒருவர் இருந்தால் நல்லது. ஆனால் யார் என்று பார்த்து வையுங்கள். வீட்டுக்காரரை வைக்காதீர்கள். "அப்பவே சொன்னேன்ல, உன்னால முடியாதுன்னு" என்பதை ஏழு ஸ்தாயியில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். எனக்குக் கடையில் வேலை செய்கிற பெண்தான். சாப்பிட்டு முடித்ததும் "அக்கா, விரலு?" என்பாள். திட்டமாட்டாள், பாராட்டவும் மாட்டாள். தண்டல்காரரின் அந்த "அக்கா" மாதிரியே இருக்கும்.

முதல் ஆரி ஆர்டர் 2023 அக்டோபரில் வந்தது. அட்டை தொங்கவிட்டுப் பதினான்கு மாதம். பாட்டில் கடைக்காரர் மகளின் சடங்குக்கு, கழுத்தைச் சுற்றி இரண்டு வரிச் சங்கிலியும் பாசியும். 1,200 ரூபாய். ஒரு இடத்தில் பாசி கோணலாகத்தான் இருந்தது. பிரித்துப் போடட்டுமா என்று கேட்டேன், அவர்களுக்குக் கண்ணில் படவே இல்லை.

நீங்கள் ஆரம்பிப்பதானால் இன்றைக்கு அட்டையில் கட்டம் மட்டும் போட்டு மாட்டுங்கள், முதல் குறி நாளைக்கு. மாட்டும்போது பேனாவை ஒரு நூலில் கட்டி அட்டையோடு தொங்கவிட்டுவிடுங்கள். என் கடையில் முதல் வாரத்திலேயே மூன்று பேனா காணாமல் போனது.